கிணற்றைப் பற்றிக் கேட்காதவர்

நான் பார்த்த தொழிலுக்கு யாழ்ப்பாணத்தில் ஒழுங்கான பெயர் கிடையாது. கொழும்பு என்றால் தனியார் துப்பறிவாளர் என்று பலகை போட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே ‘விசாரிச்சுச் சொல்லுற தம்பி’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘விடுப்புக்காரன்’ என்பார்கள். இரண்டாவதுதான் பொருத்தமான பெயர் என்று எனக்கே தோன்றும். 2010இல் தொடங்கி 2018 வரை செய்தேன். மிஞ்சியது 14 நாள் விளக்கமறியல், மூன்று வருடத்துக்கு மேல் கோட்டுப் படி ஏறி இறங்கியது, கையிலிருந்து நாலரை இலட்சத்துக்கு மேல் போனது. இப்போது கைத்தொலைபேசியும் மோட்டார் சைக்கிளும் வைத்திருக்கிற இளம் பெடியள் பலர் வெளிநாட்டுக்காரருக்குக் காணி பார்த்துக் கொடுக்கிறோம், ஆளைத் தேடிக் கொடுக்கிறோம் என்று இறங்குகிறார்கள். எனக்கு அப்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த கையோடு கொக்குவிலில் ஒரு கொமினிகேசன் கடை போட்டேன். பிளைவூட்டால் அடைத்த மூன்று பெட்டி, மூன்று போன், ஒரு மணிக்கூடு. எந்த வீட்டில் யார் எந்த நாட்டில், யார் மாதா மாதம் காசு அனுப்புகிறார், யார் அனுப்புவதாகச் சொல்லி அனுப்புவதில்லை எல்லாம் எனக்குத் தெரியும். 2006 ஆவணியில் பாதை பூட்டிய பிறகும் அந்தப் போன்கள்தான் சோறு போட்டன. சண்டை 2009இல் முடிந்து, எல்லாருடைய சட்டைப் பையிலும் போன் வந்ததும் பெட்டிகள் காலியாகிவிட்டன. ஆனால் வெளிநாட்டு இலக்கங்கள் மட்டும் தொடர்ந்து என்னை அழைத்தன. “தம்பி, ஒருக்கா எங்கடை வளவடிக்குப் போய்ப் பாத்துச் சொல்லும்.” முதலில் சும்மா போய்ப் பார்த்தேன். பிறகு ஒருவர் பெற்றோலுக்கு என்று 5,000 ரூபாய் அனுப்பினார். அப்புறம் அதுவே கூலி ஆனது. முதலீடு ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஒரு சின்னக் கமெரா, ஒரு சி.ஆர். கொப்பி.

படங்களில் துப்பறிகிறவர் மழையில் கோட்டுப் போட்டுக்கொண்டு விளக்குக் கம்பத்தடியில் நிற்பார், ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கை முகப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மூன்று படலை திறக்கும். “ஆரைத் தேடுறியள் தம்பி? நீர் ஆற்றை பெடியன்?” நீங்கள் ஒருவரைக் கண்காணிக்கத் தொடங்குவதற்கு முதலே ஒழுங்கை உங்களைக் கண்காணித்து முடித்துவிடும். அதனால் ஒளிந்து பார்க்கிற வேலையை முதல் மாதமே கைவிட்டேன். நேரே போய், இன்னாருடைய காணி பற்றி விசாரிக்க வந்தேன் என்று சொன்னால் கதிரை போட்டுத் தேத்தண்ணியும் தருவார்கள், கேளாததையும் சொல்வார்கள். சொந்தக்காரரிடம் மட்டும் கேட்கக் கூடாது. சொந்தக்காரர் ஒன்றில் புகழ்வார், இல்லாவிட்டால் பழைய வேலிச் சண்டையைத் தீர்த்துக்கொள்வார். தபால்காரர், சலூன்காரர், கரண்ட் மீற்றர் பார்க்க வருகிறவர், இவர்களுக்கு யாருடைய சீதனத்திலும் பங்கில்லை.

காசு விஷயத்தில் முதல் அடி 2012இல் விழுந்தது. இணுவில் பக்கம் ஒரு குடும்பம். மகளுக்கு வந்த மூன்று பேச்சுக்காலும் மொட்டைக் கடிதத்தால் குழம்பிவிட்டது. எழுதியவரைக் கண்டுபிடி, 25,000 தருகிறேன் என்றார் தகப்பன். மூன்று கடித உறைகளையும் மாப்பிள்ளை பகுதிகளிடம் கெஞ்சி வாங்கினேன். மூன்றும் வெவ்வேறு தபாலகத்தில் போட்டவை, கையெழுத்தை வேண்டுமென்றே கோணலாக்கியிருந்தது. ஆனால் மூன்று உறையும் சோற்றால் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றில் ஒரு பருக்கை அப்படியே காய்ந்து கிடந்தது, சிவப்புப் பச்சையரிசி. கடையில் கோந்து வாங்கத் தெரியாத ஆளில்லை, வீட்டை விட்டு இறங்கிக் கடைக்குப் போக விரும்பாத ஆள். மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. வாடிக்கையாளரின் கூடப்பிறந்த அண்ணன், அதே வளவில் பின்வீட்டில் இருந்தவர், காணிப் பங்கு போய்விடும் என்ற பயத்தில் எழுதியிருக்கிறார். போய்ச் சொன்னேன். தகப்பன் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, “நீர் எங்கடை குடும்பத்தைப் பிரிக்க வந்தனீரோ?” என்று கேட்டார். 25,000இல் ஒரு சதமும் வரவில்லை. அன்றிலிருந்து பாதிக் காசை முன்னுக்கு வாங்கினேன். வாடிக்கையாளர் உண்மைக்குக் காசு தருவதாகச் சொல்வார், உண்மை கைக்கு வந்ததும் அது வேறு விலை.

இரண்டு வகை வேலையை நான் எடுப்பதில்லை. ஒன்று, பெண்ணின் விலாசம் தேடுவது. 2013இல் லண்டனிலிருந்து ஒருவர், தொடர்பு விட்டுப்போன தங்கச்சி என்று சொல்லி ஒரு படம் அனுப்பினார். கோண்டாவிலில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் முற்றத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே நின்ற சைக்கிளையும் சின்னப் பிள்ளையின் செருப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணனுக்குப் பயந்து செருப்பை ஒளிக்கிற தங்கச்சியை நான் கண்டதில்லை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி முற்பணத்தைத் திருப்பி அனுப்பினேன். மற்றது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் அவர்கள் போராட்டம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே என் கடைக்குப் படத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகனை இன்ன முகாமில் கண்டவர் இருக்கிறார், இவ்வளவு கொடுத்தால் கூட்டி வரலாம் என்று சொல்லி அவர்களிடம் காசு கறந்தவர்கள் இருந்தார்கள். என் கொப்பியில் அந்தப் பெயர்களை எழுதினாலே நானும் அந்த வரிசையில் நிற்பேன் என்று பட்டது. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியாது.

மற்றப்படி எல்லாம் காணிதான். 1995 ஐப்பசி 30இல் வலிகாமமே ஓரிரவில் கிளம்பி நடந்தபோது காணி உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, கொண்டுபோனவர்களும் உண்டு, தொலைத்தவர்களும் உண்டு. எங்கள் அம்மா உறுதிக் கட்டைச் சுருட்டிப் பெரிய ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர். அந்தப் போத்தல் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. உறுதி இல்லாதவர்களுக்கு நான் செய்து கொடுத்தது காணிப் பதிவகத்தில் தேடி எடுப்பது. பழைய ஆட்கள் இன்னும் தோம்பு பார்ப்பது என்றுதான் சொல்வார்கள், போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ஒவ்வொரு காணிக்கும் அங்கே ஒரு பக்கம் இருக்கும். யார் யாருக்கு எழுதினார், ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா எல்லாம் அதில் வரிசையாக வரும். காணி வாங்குகிறவர்கள் குறைந்தது 30 வருடத்தைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது பெயர் மட்டும்தான். பெயருக்குரிய முகம் அதற்குத் தெரியாது.

2017 மாசியில் ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். ஜேர்மனியிலிருந்து வந்திருக்கிறார், அரியாலையில் தகப்பன் வழி முதுசக் காணி, விசாரிக்க வேண்டும். ஸ்ரான்லி வீதியில் ஒரு கூல்பாரில் சந்தித்தோம். ஐம்பது தாண்டிய ஆள், மெல்லிய தங்கக் கைச்சங்கிலி, அளவான பேச்சு. எங்கள் தமிழ்தான். உறுதி இலக்கம் சொன்னார், தகப்பன் பெயர் சொன்னார். கொப்பியில் அவர் கேட்டவற்றை எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பக்கத்து வளவுகளில் இருப்பவர்கள் யார், எத்தனை வருடமாக? தன்னை அடையாளம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? கடைசியாகக் காணிக்கு வந்து போனது யார்? யாராவது பராமரிக்கிறார்களா? நாலு கேள்வி. காணி 60 பேர்ச் வரும் என்றார்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் ஏழு வருடத்தில் அறுபதுக்கு மேல் காணி விசாரித்திருப்பேன். முதல் ஐந்து நிமிடத்துக்குள் கிணற்றைப் பற்றிக் கேட்காத சொந்தக்காரரை நான் கண்டதில்லை. எங்களுக்கு ஆறு கிடையாது, வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே கிடக்கிற தண்ணீர்தான் ஊர். ஒஸ்லோவிலிருந்து ஒரு ஐயா, “கிணத்துக்கட்டிலை என்ரை பேர் கீறிக் கிடக்கோ பாரும்” என்பார். ரொறன்ரோவில் ஒரு அக்கா, “கறுத்தக்கொழும்பான் மா காய்க்குதோ?” என்பா. பனைகளை பங்கருக்குத் தறித்துவிட்டார்கள் என்று சொன்னபோது ஒருவர் எத்தனை என்று கேட்டு, நான் எண்ணிச் சொல்லும்வரை லைனில் நின்றார். இந்த மனிதர் கிணறு, மரம், வீடு ஒன்றையும் கேட்கவில்லை. ஆட்களைப் பற்றி மட்டுமே கேட்டார். இன்னொன்று, அரியாலையில் பிறந்தவர் 6 பரப்பு என்று சொல்வார். ஒரு பரப்பு 10 பேர்ச், கணக்கு சரிதான். ஆனால் பேர்ச் தெற்குப் பக்கத்தார் பேச்சு. ஜேர்மனியில் 30 வருடம் இருந்தவர் தடுமாறினாலும் சதுர மீற்றருக்குத்தான் தடுமாறுவார். இவை இரண்டும் அன்றைக்கே என் மனதில் இடறின. இடறியதை அப்படியே விட்டேன். பேசிய கூலி 35,000, அதுவரை எனக்குக் கிடைத்ததில் கூடியது. முழுக் காசையும் மேசையில் வைத்தார், பாதியைத்தான் கேட்டிருந்தேன். முழுக் காசும் முன்னுக்குத் தருகிறவரைப் பற்றி அந்த இணுவில் அனுபவம் எனக்கு ஒன்றும் படிப்பித்திருக்கவில்லை.

12 நாள் விசாரித்தேன். கிராம சேவகரிடம் போனேன், பதிவகப் பக்கத்தின் பிரதி எடுத்தேன், 1984க்குப் பிறகு எந்த உறுதியும் பதியவில்லை. மேற்கு வளவில் 78 வயது அம்மா ஒருவர். இரண்டு பின்னேரம் அவருடைய திண்ணையில் இருந்தேன். காணிக்காரப் பெடியன் 1987இல் வெளிநாடு போனது, சின்னனில் வேலியால் விழுந்து இடது கை முறிந்தது, அவனுடைய தாயை ஊரில் என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது வரை எல்லாம் சொன்னார். அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது, என்னைக் குரலை வைத்துத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதி 9 பக்க அறிக்கை கொடுத்தேன். என் தொழிலில் நான் பெருமைப்பட்ட அறிக்கை அது.

ஆனியில் திரும்பக் கூப்பிட்டார். காணியை விற்கப் போகிறார், வாங்குகிறவரோடு இடத்தைப் பார்க்க வர முடியுமா என்று கேட்டார். போனேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “மாமி, சுகமோ?” என்றார். தன் பெயரைச் சொன்னார். அந்தக் கிழவி வேலியைப் பிடித்துக்கொண்டு வந்து அவருடைய முகத்தைத் தடவிப் பார்த்து, “மோனை, முறிஞ்ச கை இப்ப நோகிறேல்லையோ?” என்று அழுதார். அவரும் கண்ணைத் துடைத்தார். வாங்க வந்தவர், கட்டாரில் 14 வருடம் வேலை செய்து காசு சேர்த்தவர், என்னைப் பார்த்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. கூல்பாரில் மனதில் இடறியதெல்லாம் அந்த இடத்தில் கரைந்துவிட்டது.

அடுத்த கிழமை, காணி உறுதி எழுதும் நொத்தாரிசு அலுவலகத்தில் கையெழுத்து. காணி உறுதிக்கு இரண்டு சாட்சி வேண்டும். எழுதிக் கொடுப்பவரை நொத்தாரிசுக்கு நேரே தெரியாவிட்டால், சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “எனக்கு இஞ்சை உங்களைத்தான் தெரியும் அண்ணை” என்றார். நொத்தாரிசு பேச்சுவாக்கில் தாயைப் பற்றிக் கேட்டபோது, சிரித்துக்கொண்டு அந்தப் பட்டப்பெயரைச் சொன்னார். அதை அவருக்கு எழுதிக் கொடுத்ததே நான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இவரை நன்கு அறிவேன் என்ற வாசகத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்கு அவரை அறிந்த காலம் ஐந்து மாதம், சந்தித்தது ஆறு தடவை. அந்தக் கையெழுத்துக்கு 5,000 தந்தார். பரப்பு 7 இலட்சப்படி 42 இலட்சம் கைமாறியது.

சாட்சிக் கையெழுத்தை எங்கள் ஊரில் ஒரு உபகாரம் என்று நினைக்கிறோம், கலியாண வீட்டில் பந்தி பரிமாறுவது மாதிரி. ஒருவரை உங்களுக்கு அவருடைய தாய் தகப்பனோடு சேர்த்துத் தெரியாவிட்டால், படித்த பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவரைத் தெரியாவிட்டால், கையெழுத்து வைக்காதீர்கள். கூலிக்கு விசாரித்தவர் அந்தக் காணிக்கே சாட்சியாகப் போகவே கூடாது. உங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் சொன்னது.

2018 நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து உண்மையான காணிக்காரர் வந்தார். 31 வருடத்துக்குப் பிறகு வருகிறார். படலை இருந்த இடத்தில் கொங்கிறீற் கல் மதிலும் இரும்புக் கேற்றும். முறைப்பாடு போனது. புரட்டாதியில் பொலிஸ் என்னைக் கூப்பிட்டபோது ஒரு வாக்குமூலத்தோடு முடியும் என்று நினைத்து, பின்னேரம் மரக்கறி வாங்கி வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் நீதவான் முன்னால் நிறுத்தினார்கள். 14 நாள் விளக்கமறியல்.

சிறையைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நுளம்பு, வரிசை, நித்திரை வராத இரவு. வெட்கம்தான் பெரிது. எத்தனையோ பேரின் வீட்டுச் சங்கதியைக் கொப்பியில் எழுதியவனுடைய சங்கதியை ஊர் முழுக்க இப்போது எழுதிக்கொண்டிருந்தது. முதலாவது கிழமை மனைவி என்னைப் பார்க்க வரவில்லை. இரண்டாவது கிழமை வந்தா, அந்தக் கொப்பிகளை எரிக்கட்டோ என்று கேட்டா. வேண்டாம் என்றேன். அது நான் அந்த வருடம் சொன்ன ஒரே புத்தியான சொல்.

பிணையில் வந்ததும் கொப்பிக்குள் செருகி வைத்திருந்த, காணி விற்றவருடைய அடையாள அட்டைப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பழைய அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும். முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். மாசிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துக்கொண்டு விரலில் எண்ணினாலே வரும். அட்டையில் பிறந்த திகதி கார்த்திகை 12, அதாவது நொவம்பர் 12. அப்படியென்றால் 317 வர வேண்டும். இருந்தது 137. அது மே 16. செய்தவன் எண்ணை மாற்றி அடித்துவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் என் கொப்பிக்குள் கிடந்த பிரதி. யாருடைய அட்டையை வாங்கினாலும் முதலில் இதைச் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை. அட்டை புதிதாக லமினேற் பண்ணியிருந்ததும் எனக்குத் தெரிந்தது. சண்டையில் தொலைத்துப் புதிதாக எடுத்தவர்கள் ஊரில் பாதிப் பேர் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிறகுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருடைய கூலியும் இல்லாமல் துப்பறிந்தேன். அவர் தந்த இலக்கம் செத்துவிட்டது. ஆனால் ஒரு நாள் கூல்பாரில் இருந்தபோது காசு முடிந்துவிட்டது என்று எழுந்துபோய் ரீலோட் போட்டு வந்தது ஞாபகம் வந்தது. ரீலோட் கடைகளில் ஒரு கொப்பி இருக்கும், நாமே இலக்கத்தையும் தொகையையும் எழுத வேண்டும். அந்தப் பக்கம் ஒவ்வொரு கடையாகப் போனேன். நானும் ஒரு காலத்தில் கொமினிகேசன்காரன் என்பதால் முகம் சுளிக்காமல் பழைய கொப்பிகளைத் தந்தார்கள். நாலாவது கடையில், எண்ணெய் பட்டு ஒட்டிக்கிடந்த கொப்பியில், 2017 மாசித் திகதிக்குக் கீழே எனக்குத் தெரிந்த இலக்கம். அதற்கு நேர் கீழே, அதே பேனையில், ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற அதே எழுத்தில் இன்னொரு இலக்கம், 50 ரூபாய். வீட்டுக்காரிக்குப் போட்டிருக்க வேண்டும். இரண்டையும் பொலிசில் கொடுத்தேன். 2019 முற்பகுதியில் வேறொரு மாவட்டத்தில் ஆளைப் பிடித்தார்கள். ஜேர்மனியை அவர் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார்.

ஆள் பிடிபட்டதும் நான் தப்பினேன் என்று நினைக்காதீர்கள். 2019 சித்திரைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில மாதம், 2020 பங்குனி ஊரடங்குக்குப் பிறகு இன்னும் பல மாதம் எல்லாம் தள்ளிப்போனது. 31 தவணை போனேன், அதில் பாதிக்கு மேல் அடுத்த திகதி போட்டதோடு முடிந்தது. சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனை வந்து என்னை எதிரிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாட்சியாக்கியது 2021 கடைசியில். சட்டத்தரணிக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம், அலைச்சலுக்கும் தேடலுக்கும் 65 ஆயிரம், மனைவியின் நகை அடைவு வட்டி 90 ஆயிரம். மோட்டார் சைக்கிள் தனி. நொத்தாரிசு என்னிடம் இன்றைக்கும் கதைப்பதில்லை. வாங்கியவர் என்னை விட எத்தனையோ மடங்கு இழந்தவர், ஒரு தவணையில் என் சட்டையைப் பிடித்தார். நான் கையைத் தட்டிவிடவில்லை.

அந்த நாட்களில் பதிவக வாசலில் நிற்பவர்களிடம் படித்தது சில உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும். உங்கள் காணி மேல் பதிவகத்தில் கேவியற் போட்டு வைக்கலாம். யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும், காலம் முடிய முதல் புதுப்பிக்க வேண்டும். அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செய்ய இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், கொடுத்தவர் இறந்தால் அந்த அற்றோணியும் அதோடு முடிந்தது. அதை வைத்துக் கொண்டு பெரியம்மாவின் காணியை விற்க வருகிறவரிடம் பெரியம்மாவோடு ஒருக்கா வீடியோவில் கதைக்கலாமா என்று கேளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, கலியாணம் செய்த பெண் தன் சீதனக் காணியை விற்கவும் புருசனின் சம்மதம் வேண்டும், அவர் எங்கே என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விட, வருடத்துக்கு ஒரு தடவையாவது பக்கத்து வளவுக்குப் போன் எடுங்கள், உங்கள் குரலை அவர்கள் மறக்காதபடி.

என் 9 பக்க அறிக்கை வழக்கில் சான்றுப் பொருளாகப் போனது. காணிக்காரர் அதன் பிரதியைப் படித்திருக்கிறார். உறுதியை வெறிதாக்கும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இன்னும் நடக்கிறது, அதற்காக 2022இல் வந்தபோது கோட்டு வளவு வேப்பமரத்தடியில் என்னைக் கண்டு கூப்பிட்டார். பேச்சு விழும் என்று நினைத்துப் போனேன். “தம்பி, எங்கடை அம்மாவைப் பற்றி எனக்கே தெரியாததெல்லாம் எழுதியிருக்கிறீர். கிணத்தைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை” என்றார்.

“அவர் கேக்கேல்லை ஐயா” என்றேன்.

“அது பங்குக் கிணறு. மேற்கு வேலிக்குள்ளை பாதி, எங்கடை வளவுக்குள்ளை பாதி. உறுதியிலை நீர் அள்ளுற பாத்தியதை எண்டு கிடக்கும், பாத்திருப்பீர். மாமி இண்டைக்கும் அதிலைதான் அள்ளுறா.” கொஞ்சம் நிறுத்தி, “நீர் ரெண்டு பின்னேரம் திண்ணையிலை இருந்தனீர் எண்டா, அந்தத் தண்ணி குடிச்சிருப்பீரே?” என்று கேட்டார்.

குடித்தேன். பங்குனி தொடங்க முதலே வெயில் கொளுத்திய நாள். அந்த அம்மா துலாவைத் தடவிப் பிடித்துத் தானே அள்ளி, செம்பில் கொண்டுவந்து தந்தார். இரண்டு செம்பு.